எந்த எலுமிச்சை அளவு?

அரையாண்டு லீவு விட்ட மூன்றாம் நாள், ஏழாவது படிக்கும் என் மகள் "இன்னிக்கு ரசம் நான் வைக்கிறேன்மா" என்றாள். ரசம்தானே என்பீர்கள். ரசத்தில் அடுப்பு இருக்கிறது, காய்ந்த எண்ணெய் இருக்கிறது, வெடிக்கிற கடுகு இருக்கிறது.

சரி என்று சொல்லிவிட்டு முன்னேற்பாடுகளில் இறங்கினேன். பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், கவுனைக் கழற்றச் சொல்லிப் பருத்திச் சட்டை மாட்டிவிட்டேன். தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டேன். கேஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய 1906-ஐப் போனில் அடித்துத் தயாராக வைத்துக்கொண்டேன். பச்சைப் பொத்தானைத் தொடுவதுதான் பாக்கி. பேப்பரிலிருந்து நிமிர்ந்த என் வீட்டுக்காரர், "வைக்கப்போறது ரசமா, ராக்கெட்டா?" என்றார். அவருக்கென்ன, தட்டு வைத்த பிறகு வருகிறவர்.

நான் பயந்தது நெருப்புக்கு. மாட்டிக்கொண்டதோ கேள்விகளிடம்.

"புளி எவ்வளவு?"

"எலுமிச்சை அளவு."

பிரிட்ஜைத் திறந்து இரண்டு பழங்களை எடுத்து வந்தாள். ஒன்று கோலிக்குண்டுக்கு அண்ணன், இன்னொன்று ஆரஞ்சுக்குத் தம்பி. "இதுவா, இதுவா?"

"சின்னது."

"உப்பு?"

"தேவையான அளவு."

"யாருக்குத் தேவையான அளவு?"

"பச்சை வாசனை போற வரைக்கும் புளித்தண்ணி கொதிக்கணும்" என்றேன், பேச்சை மாற்ற. பச்சை வாசனை எப்படி இருக்கும் என்றாள். அது போய்விட்டதா என்றுதான் இத்தனை வருஷமும் மோந்து பார்த்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

இதற்குள் அவள் பாட்டுக்கு மிளகு, சீரகம், பூண்டைச் சின்ன உரலில் தட்டினாள். கொதித்த புளித்தண்ணியில் அதையும் பருப்புத் தண்ணியையும் விட்டாள். ஓரமெல்லாம் மஞ்சளாக நுரை கட்டியதும், நான் சொல்வதற்கு முன்பே இறக்கினாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் காய்ந்தது. கடுகு பொரிந்து அடங்கியது, காய்ந்த மிளகாய் கறுக்காமல் நிறம் மாறியது. கறிவேப்பிலையை மட்டும் காணோம். மறந்துவிட்டாளே என்று பாய்ந்துபோய், குழாயடியில் ஒரு கொத்தை அலசி, உதறாமல் கொள்ளாமல் கரண்டியில் போட்டேன்.

படபடவென்று தெறித்து என் மணிக்கட்டில் பட்டது. "அய்யோ!" என்று போட்ட சத்தத்தில் பேப்பர் கீழே விழுந்தது.

அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. முதலில் அடுப்பை அணைத்தாள். என் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். "இருபது நிமிஷம் இப்படியே நில்லு. பேஸ்ட், மாவெல்லாம் தடவக்கூடாது." அப்போதுதான் பார்த்தேன். மேடையோரம் ஒரு துண்டில், துடைத்து உலர்த்திய கறிவேப்பிலை வரிசையாகக் கிடந்தது.

ரசம் நன்றாகவே இருந்தது. உப்பு ஒரு கல் குறைச்சல் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மத்தியானம் மேஜையில் கிடந்த அவள் நோட்டைப் புரட்டினேன்.

"ரசம். புளி: சின்ன எலுமிச்சை அளவு (பிரிட்ஜ் கதவில் இருப்பது). உப்பு: ஒன்றரை ஸ்பூன். கறிவேப்பிலை: ஈரம் இல்லாமல். அம்மா: ஹாலில்."