பணிக்கொடை வரும்வரை

2025 செப்டெம்பர் 6, சனி

விஜயதசமிக்கு வகுப்புத் தொடங்குகிற பிள்ளைகளின் மிருதங்கங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிற மிருதங்கம் திருத்தும் கடையை நிறைத்துவிட்டன. கால் வைக்க இடமில்லை. கடைக்கார ஐயா இன்றுதான் என்னைக் கரணை, அதாவது தோலின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம், போட விட்டார். கிட்டாங்கல் பொடியையும் சோற்றையும் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, படை படையாகக் கல்லால் தேய்த்து ஏற்ற வேணும். அவசரப்பட்டால் நாதம் செத்துப்போகும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து வாத்தியங்கள் தளர்ந்துதான் வருகின்றன. ஈரக்காற்று தோலை விடாது.

செப்டெம்பர் 9

கந்தோரில் மதியச் சாப்பாட்டோடு கணக்குப் பார்த்தேன். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப்.க்கு என் பங்கு 8 வீதம், கம்பனி போடுவது 12, நம்பிக்கை நிதியான ஈ.ரி.எப்.க்கும் கம்பனி 3. வேலையை விட்டு ஐயாவின் கடைக்கே போனால் கம்பனி போடுகிற அந்தப் பதினைந்தும் போச்சு. "பிடித்ததைச் செய்" என்று வீடியோ போடுகிற ஒருத்தரும் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை. நவம்பரில் ஐந்து வருடம் முடிகிறது. அதற்கு முதல் விலகினால் பணிக்கொடையும் இல்லை. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு எனக்குக் கலைப்பித்து இல்லை.

செப்டெம்பர் 14

அம்மாவிடம் சொன்னேன்.

"படிச்சுப்போட்டு மேளம் தைக்கப் போறியோ? பொம்பிளை வீட்டுக்காரருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"உழைப்பு வரும் அம்மா."

"உழைப்பை ஆர் கேட்டது?"

அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்குப் பிரச்சினை காசில்லை, தோல். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் தொடுகிற கை. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றமென்றால் முன்வரிசையில் இருந்து தாளம் போடுகிற அம்மாதான் இவர். வாசித்தவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். மிருதங்கத்துக்குத் தோல் மூட்டியவர் யாரென்று அங்கே எவரும் கேட்டு நான் கண்டதில்லை. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, அன்றும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 21

ஐயாவோடு பேச்சுவார்த்தை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது இந்தியத் தோல் வாங்க வழியில்லாமல், பழையதைக் கழற்றித் தைத்தே கடையை ஓட்டினாராம். கொப்பி என்று ஒன்றும் கிடையாது, கடனெல்லாம் தலைக்குள். "தம்பி, முதல்ல அதை எழுதித் தா" என்றார்.

கூலியில் பாதி எனக்கு. மூன்றில் இரண்டு கேட்டேன். "வார் இழுக்கப் பழகீட்டுக் கேளும்" என்றார். நியாயம்தான்.

டிசெம்பரில் இராஜினாமாக் கடிதம். அம்மாவுக்குத் திகதியைச் சொல்லவில்லை. பணிக்கொடை கைக்கு வரட்டும்.