351 வின்ட்ஸரா, கிளீவ்லாந்தா?

'ஃபோர்டு 351' என்று மட்டும் சொல்லி ஸ்பேர் கேட்காதீங்க. வின்ட்ஸர், கிளீவ்லாந்து என்ற இரண்டு வி8 எஞ்சின்களுக்கும் இதே பெயர்; 351 என்பது கன அங்குலக் கொள்ளளவு. இரண்டுக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.5 அங்குலம், ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) ஒன்றே. ஆனாலும் வேறு வேறு குடும்பம். கனடாவின் வின்ட்ஸர் ஆலையில் 1969-இல் வந்தது ஒன்று, ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் 1970-இல் வந்தது மற்றொன்று.

அடையாளம் சுலபம். வால்வ் கவர் போல்ட்டை எண்ணுங்க: வின்ட்ஸருக்கு 6, கிளீவ்லாந்துக்கு 8. மேல் ரேடியேட்டர் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று-எரிபொருள் கலவை கொண்டுபோகும் பகுதி) சேர்ந்தால் வின்ட்ஸர். நேராக எஞ்சின் பிளாக்கில் இறங்கினால் கிளீவ்லாந்து. மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உட்காரும் பகுதியின் விட்டம், வின்ட்ஸரில் 3 அங்குலம், கிளீவ்லாந்தில் 2.75. அதனால் ஒன்றின் கிராங்க் மற்றதில் பொருந்தாது.

பலர் கோட்டை விடுவது தெர்மோஸ்டாட்டில்தான் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு). கிளீவ்லாந்து தெர்மோஸ்டாட்டின் அடியில் தொப்பி மாதிரி ஒரு உருளை இருக்கும். சூடேறியதும் அது கீழே இறங்கி, பிளாக்குக்குள் உள்ள பித்தளைத் தட்டின் துளையை அடைக்கும். தண்ணீர் முழுக்க ரேடியேட்டருக்குப் போகும். வின்ட்ஸர் தெர்மோஸ்டாட் அந்த இடத்தில் அழகாக உட்காரும், துளையை மட்டும் அடைக்காது. சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பி, எஞ்சின் ஓவர்ஹீட் ஆகலாம். ரேடியேட்டரை மாற்றும் முன் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்க. அந்தப் பித்தளைத் தட்டையே யாராவது பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

சிலிண்டர் ஹெட்? கிளீவ்லாந்தின் சாய்ந்த வால்வுகள் நன்றாகவே மூச்சு விடும். ஆனால் 4வி (நான்கு பேரல் கார்புரேட்டருக்கானது; 2வி என்றால் இரண்டு பேரல்) ஹெட்டின் போர்ட், அதாவது காற்று போகும் வழி, மிகப் பெரியது, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும். ஊருக்குள் ஓட்ட 2வி ஹெட்டே என் தேர்வு.