சும்மா கொடுப்பதற்கும் ஒரு படிவம்

ஏற்காட்டில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் காபி வைத்திருப்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் பல்ப்பர், அதாவது பழத்தின் தோலை உரிக்கும் மெஷின், இருக்காது. பறித்த பழத்தை அன்றே தோலுரிக்காவிட்டால் புளித்துவிடும். அதனால் வந்த விலைக்குப் பழமாகவே வியாபாரிக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நான்கு பேர் கையால் சுற்றும் சின்ன பல்ப்பர் ஒன்றைச் செய்தார்கள். அதில் இரண்டு பேர் மலைக்காரப் பையன்கள். பழம் சிறிதும் பெரிதுமாக வந்தாலும் கொட்டை நசுங்காமல் இருக்க, தகட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். புதுசு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

டிசம்பர் அறுவடையில் மலைக்கிராமமான நாகலூருக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. நோட்டீஸ்கூட அடித்துவிட்டோம். காப்புரிமை தெரிந்த ஒரு நண்பர்தான் தடுத்தார்: “ஊருக்கே காட்டிட்டா அப்புறம் அது புதுசு இல்ல சார். முதல்ல விண்ணப்பத்தைப் போடுங்க.” நம் சட்டத்தில் இதற்கு விலக்குகள் உண்டு, ஆனால் அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரை என்று மிகக் குறுகலானவை. நாகலூர் மைதானம் அதில் வராது. ஒன்பது நாளில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது விண்ணப்பத்தின் முதல் வரைவை, ஆன்லைனில் போட்டோம். 2021-க்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்கும் தனிநபர் கட்டணம்தான், 1,600 ரூபாய். இல்லாவிட்டால் 8,000.

பணம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. தகராறு பெயரில் வந்தது. படிவம் 1-இல் விண்ணப்பதாரர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. விண்ணப்பதாரர் கல்லூரி, அதில் சிக்கல் இல்லை. கண்டுபிடிப்பாளர் இடத்தில் தன் பெயரும் வரவேண்டும் என்று ஒரு பெரியவர் ஆசைப்பட்டார். மெஷினை அவர் பார்த்தது போட்டோவில்தான். அவருக்கு இல்லை என்று சொன்ன கையோடு எனக்கு ஒரு உறுத்தல். அந்த ஸ்பிரிங்கை யோசித்தது யார்? மாணவர்களும் இல்லை, நானும் இல்லை. சூரமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். “தகட்டை ஏன் இறுக்கிப் புடிக்கறீங்க, கொஞ்சம் விட்டுக் குடுக்கட்டும்” என்று அவர் சொன்ன நாளில்தான் கொட்டை உடைவது நின்றது. பெயரைச் சேர்க்கிறோம் என்றதும், “எம்பேரு எதுக்குங்க சார், கூலி வந்துருச்சே” என்றார். கையெழுத்து வாங்க மூன்று முறை பட்டறைக்கு நடந்தேன்.

மலையில் மெஷின் நன்றாக ஓடியது. அடுத்த மாதமே கோவைப் பக்கத்து நிறுவனம் ஒன்று வந்தது. தங்களுக்கு மட்டும் உரிமம், முன்பணம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி. கல்லூரிக்குச் சந்தோஷம். மெஷினுக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்ட மலைக்காரப் பையன் ஒருவன், “சார், அந்தக் காசுக்கு எங்கப்பா ரெண்டு மாடு வாங்குவாரு” என்றான்.

அமெரிக்காவில் அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே சொந்தமாக்கிக்கொள்ள 1980-இல் பை-டோல் சட்டம் வழிவிட்டது. அதே மாதிரியில் இங்கே 2008-இல் வந்த மசோதா 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆக உரிமத்தை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். கல்லூரிக் கமிட்டியில் நான் இன்சுலின் கதையைச் சொன்னேன். பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-இல் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். வேறு எவனும் மடக்கிப் போட்டுவிடக்கூடாது என்பதும் ஒரு காரணம். கதை எடுபடவில்லை. “கல்லூரித் தரவரிசைக்குக் காப்புரிமை எண்ணிக்கை வேணுமே” என்றார்கள்.

சரி, விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டால் தானாகப் பொதுச்சொத்தாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். தப்பு. தற்காலிக விவரக்குறிப்புக்குப் பிறகு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போடாவிட்டால் அது கைவிடப்பட்டதாகிவிடும், வெளியாகவும் செய்யாது. நாகலூரில் பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாம்தான். ஆனால் உள்ளே ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத் தேதி போட்ட காகிதம் எங்கும் இருக்காது. நாளைக்கு வேறொருவர் அதையே தன் பெயரில் கேட்டால் எதைக் காட்டுவது?

வழி அந்த நண்பரே சொன்னார். முழு விவரக்குறிப்பை அளவு, படம், பொருள் பட்டியல் எல்லாவற்றோடும் போடுங்கள். தற்காலிகத்தைத் தொடர்ந்து போடுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 18 மாதம் காத்திருக்க வேண்டாமென்றால் படிவம் 9, எங்களுக்கு 2,500 ரூபாய். ஒரு மாதத்துக்குள், வெள்ளிக்கிழமை தோறும் வரும் காப்புரிமை இதழில் வந்துவிடும். அதன்பின், காப்புரிமை தரலாமா என்று விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கேட்கும் படிவம் 18-ஐ மட்டும் போடாதீர்கள். 31 மாதத்தில் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். இதழில் வெளியானது மட்டும் வெளியானதுதான், அதை யாரும் திரும்பப் பெற முடியாது. கல்லூரிக்கு எண்ணிக்கை கிடைத்தது, மலைக்கு மெஷின். நடுவில் யாராவது மனம் மாறி படிவம் 18-ஐப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அதனால் ‘போடுவதில்லை’ என்று கமிட்டித் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். கோவைக்காரர் அதன்பிறகு போன் எடுப்பதில்லை.

வரைபடங்களை, ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமான செர்ன் உருவாக்கிய திறந்த வன்பொருள் உரிமத்தின் கீழ் வைத்தோம், மாற்றிச் செய்கிறவர் மாற்றிய படத்தையும் பகிர வேண்டும் என்ற வகையில். பட்டறைக்காரர்கள் உரிமத்தைப் படிப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன வாரம் நாகலூரிலிருந்து போன். ஸ்பிரிங் துருப்பிடிக்கிறதாம். மலை ஈரத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. சூரமங்கலத்துக்காரர் எவர்சில்வர் ஸ்பிரிங் வாங்கிவைத்திருக்கிறார். தடிமன் கொஞ்சம் மாறுவதால் நான்காவது படத்தைத் திருத்த வேண்டும். அதை இன்னும் நான் ஏற்றவில்லை.