பீட்டிலின் முன்கண்ணாடி: இரண்டாம் முயற்சியில்தான் உட்கார்ந்தது

1967 மாடல் வோக்ஸ்வாகன் பீட்டில் கார். முன்கண்ணாடியின் கீழ்மூலையில் கிளம்பிய விரிசல் ஒன்று மாதாமாதம் ஒரு விரற்கடை வளர்ந்துகொண்டிருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஓரங்களில் பாலைத் தெளித்ததுபோல் வெண்மை படர்ந்து, எதிர்வெயிலில் பாதிச் சாலை மறைந்துபோனது. போதாததற்கு மழை பெய்தால் கால்மிதி நனைந்தது. எல்லாப் பழியையும் கண்ணாடி மேல் போட்டு, மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வீட்டிலேயே செய்யலாம் என்ற தைரியத்துக்குக் காரணம் உண்டு. இன்றைய கார்களில் கண்ணாடியை யூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். கண்ணாடியும் காரின் வலுவில் ஒரு பங்கு. பழைய கார்களில் பசை கிடையாது. சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்தான் ஒரு பக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் உடலின் விளிம்புத் தகட்டையும் கவ்விக்கொண்டிருக்கும். மினி மாதிரி சில கார்களில் பீடிங்குக்கு நடுவே ஒரு பூட்டுப் பட்டையும் உண்டு. அதைச் செருக வளையம் வைத்த தனிக் கருவி வேண்டும். பீட்டிலுக்கு அதுவும் தேவையில்லை. ஒரு நைலான் கயிறு, சோப்புத் தண்ணீர், வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். படிக்கும்போது அரை மணி நேர வேலை போலத்தான் இருந்தது.

கழற்றிய நாள்

வைப்பர் கைகளைக் கழற்றினேன். அவை எங்கே ஓய்ந்து நிற்கும் என்று கண்ணாடியில் டேப் ஒட்டி, அதை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டால் பின்னால் நிம்மதி. நான் இரண்டையும் செய்யவில்லை. டேஷ்போர்டின் காற்றுத் துளைகளில் துணி அடைத்தேன்; அங்கே கண்ணாடித் தூள் விழுந்தால் ஹீட்டரைப் போடும் அன்று முகத்துக்கு வரும்.

பீடிங் கருங்கல்லாக இறுகியிருந்தது. அதைக் காப்பாற்ற நினைப்பது வீண். வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்தெடுத்தேன். அலுமினிய அலங்காரப் பட்டையை மட்டும் அவசரப்படாமல், இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். ஒரு முறை மடங்கினால் அந்தக் கோடு ஆயுளுக்கும் போகாது. என் பட்டையில் முன்பு யாரோ போட்ட மடிப்பு ஒன்று ஏற்கனவே இருக்கிறது.

பிறகு சீட்டில் சாய்ந்து, காலுறை போட்ட பாதங்களால் மேல்மூலையை மெதுவாக அழுத்தினேன். வெளியே மச்சினன் கையேந்தி நின்றான். கண்ணாடி அசைந்தது, கூடவே டப்பென்று சத்தம். விரிசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. ஆனால் ஒரு துண்டுகூட உதிரவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் வகை அது. 1903இல் எத்துவார் பெனதிக்தூஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கையிலிருந்து ஒரு குடுவை விழுந்ததாம். உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம், உடைந்த சில்லுகளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது. 1909இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஓரத்தில் படர்ந்த வெண்மைக்கும் இந்தப் படலம்தான் காரணம். ஈரம் ஏறி, கண்ணாடியிலிருந்து பிரிந்துகொண்டிருந்தது.

உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. புதியது காரில் ஏறும்வரை அதுதான் அளவுகோல்.

துரு

பழைய பீடிங்கையும், தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கப் பூசிப் பாறையாகிப்போன சீலண்டையும் சுரண்டியதும் உண்மை தெரிந்தது. மேல்பக்கமும் பக்கவாட்டும் சுத்தம். கீழ்மூலைகள் இரண்டிலும் தகடு பிஸ்கட் போல் பொரிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் வலது மூலையில் மூன்று இடங்களில் உள்ளே போனது. பீடிங்குக்கு அடியில் தேங்கும் தண்ணீருக்குப் போக்கிடம் அந்த இரண்டு மூலைகள்தான்.

அந்த ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்துவிடலாம் என்று ஒரு சபலம் வந்தது. கார் ஓடும்போது உடல் முறுக்கிக்கொள்ளும். பட்டி விரிந்து, அடுத்த மழைக்கு அதே கதை. வெல்டிங் எனக்கு வராது என்பதால் அதற்கு மட்டும் தெரிந்த ஒருவரை அழைத்தேன். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை: புதுத் துண்டைப் பழையதன் மேல் படியவைக்கக் கூடாது, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்ட் வைத்துச் சமமாக அரைக்க வேண்டும். இரண்டு தகடு கனமானால் பீடிங்கின் வாய் அங்கே முழுசாக ஏறாது. ஏறாத இடத்தில் ரப்பர் கண்ணாடியை நெம்பும். லேமினேட்டட் கண்ணாடிக்கு ஓரத்தில் ஒரே புள்ளியில் விழும் அழுத்தம் ஆகவே ஆகாது. கார் ஷெட்டில் சும்மா நிற்கும்போது புதுக்கண்ணாடி தானாகப் பிளந்தது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த மூலையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு கம்பி பிரஷ், துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல், இரண்டு கலவை எபாக்ஸி பிரைமர், பெயின்ட். மறுநாளே தொட்டால் ஒட்டவில்லைதான்; ஆனாலும் ஒரு வாரம் முழுக்க விட்டேன். உள்ளே பச்சையாக இருக்கும் பெயின்ட்டின் மேல் கயிறு உரசினால் வழித்தெடுத்துவிடும். செய்த வேலையெல்லாம் பாழ்.

பீடிங் வந்தது, தப்பாக

இந்தக் காத்திருப்பில் இன்னொரு கூத்து. முதலில் வாங்கிய பீடிங்கில் அலுமினியப் பட்டைக்கான பள்ளமே இல்லை. பட்டை இல்லாத எளிய மாடலுக்கு ஒரு பீடிங், பட்டை உள்ள டீலக்ஸுக்கு இன்னொன்று என்பதை நான் கவனிக்கவில்லை. திருப்பி அனுப்பி மாற்றினேன்.

கண்ணாடியிலும் இதே கண்ணி உண்டு. 1964 மாடல் வரை சிறிய, தட்டையான கண்ணாடி. 1965 மாடலிலிருந்து சற்றுப் பெரியது, லேசான வளைவு. பின்னால் வந்த 1303 என்ற பீட்டில் மாடலின் முன்கண்ணாடியோ நன்றாகப் புடைத்திருக்கும். வேறு எதற்கும் பொருந்தாது. ‘பீட்டில் முன்கண்ணாடி’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் சிக்கல். புதியதைப் பழையதன் மேல் போர்வைக்கு நடுவே வைத்து ஓரங்களை ஒத்துப் பார்த்தேன். மயிரிழை கூடப் பிசகவில்லை.

முதல் முயற்சி

பீடிங்கைக் கண்ணாடியில் சுற்றி மாட்டுவது சுலபம். மூலைகளை முதலில் உட்காரவைத்தால் மற்றது தானாக வரும். சிரமமெல்லாம் அலுமினியப் பட்டையில். அது இரண்டு பாதியாக வரும். கண்ணாடி காரில் ஏறும் முன்பே, தரையில் இருக்கும்போதே பீடிங்கின் பள்ளத்தில் செருகிவிட வேண்டும். ஏறிய பிறகு பள்ளம் இறுகிவிடும். இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. கயிறு கட்டும் வேலையைவிட இதைத்தான் நான் வெறுத்தேன்.

அடுத்து, தகடு ஏற வேண்டிய பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிறு. காருக்குள்ளிருந்து இதை உருவினால்தான் பீடிங்கின் உள் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வரும். விரலால் திணித்தால் ஒரு பக்கம் போகப் போக மறுபக்கம் வெளியே வரும். மை தீர்ந்த பேனாவின் வெற்றுக் குழலுக்குள் கயிற்றைக் கோத்து, குழலின் முனையைப் பள்ளத்தில் ஓட்டிக்கொண்டே போனால் கயிறு பின்னாலேயே படிந்துவிடுகிறது. கீழ் நடுவில் இரண்டு முனையும் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே தொங்க வேண்டும்.

சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவினேன். எண்ணெயும் கிரீஸும் கூடாது. ரப்பரை ஊதவைக்கும், பின்னால் சீலண்ட்டும் ஒட்டாது.

நான் உள்ளே, மச்சினன் வெளியே. அப்போது மணி ஆறு, வெயில் இறங்கிவிட்டது, ரப்பர் விறைத்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் கயிற்றை என் நெஞ்சை நோக்கி நேராக இழுத்தேன். கீழ்ப்பக்கம் உதடு தகட்டைத் தாண்டி வந்தது. இடது மேல்மூலை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். உதட்டைத் தூக்காமலேயே கயிறு மட்டும் சர்ரென்று உருவிக்கொண்டு என் கைக்கு வந்தது.

“மாமா, இங்க ஒரு குத்து குத்தட்டுமா?” என்றான்.

“கைய வச்சே, அப்புறம் தெரியும்” என்றேன். மூலையில் முஷ்டியால் ஒரு குத்து விட்டால் இரண்டாவது கண்ணாடிக்கும் வழி பண்ணிவிடலாம்.

முழுவதையும் வெளியே எடுத்து, போர்வையில் படுக்கவைத்துவிட்டு அன்றைக்கு முடித்தோம். உதட்டில் ஒரு சிறு கீறல், கிழிசல் இல்லை.

இரண்டாம் முயற்சி

ஞாயிறு காலை பத்து மணி. பீடிங் பூட்டிய கண்ணாடியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தோம். ரப்பர் வேறு பொருளாகிவிட்டது. மூலைகள் தொட்டால் வளைந்தன.

இந்த முறை வெளியிலிருந்து கண்ணாடியைக் கீழ்விளிம்பில் முதலில் உட்காரவைத்து, இரு பக்கமும் இடைவெளி சமமா என்று பார்த்த பிறகுதான் கயிற்றைத் தொட்டேன். கயிற்றைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல், அதன் நடுவை நோக்கி இழுத்தேன். அப்போது கயிறு உதட்டைப் புரட்டித் தகட்டின் மேல் போடுகிறது; நெஞ்சை நோக்கி இழுத்தால் அறுக்கத்தான் பார்க்கிறது. ஒரு முனையில் ஒரு சாண், மறுமுனையில் ஒரு சாண் என்று மாறி மாறி. கயிறு எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் எதிரே மச்சினன் உள்ளங்கையால் அழுத்தித் தட்டிக்கொண்டே வந்தான். நான் “மூலை” என்றால் அவன் இரண்டு கையும் மூலைக்கு வரும். மூலைகளில் விரல் அகலம் விரல் அகலமாகத்தான் நகர்ந்தோம். மேல்நடுவில் கயிற்றின் இரு பக்கமும் சேர்ந்து வெளியே விழுந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம்.

ஓரிடத்தில் மட்டும் உதடு உள்ளே மடங்கிக் கிடந்தது. மரக்கரண்டியின் மழுங்கிய காம்பால் நெம்பி வெளியே எடுத்தோம்.

தண்ணீர் விட்டுப் பார்த்தது

ஒரு நாள் சோப்புத் தண்ணீர் காயவிட்டு, பீடிங்குக்கும் உடலுக்கும் நடுவே இறுகாத வகை சீலண்ட்டைக் கீழ்மூலைகளில் மட்டும் மெல்லிய கோடாக விட்டேன். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கானைத் தொடவில்லை; அது காயும்போது விடும் அசிட்டிக் அமிலம் தகட்டைத் தின்னும். உள்ளே டேஷ்போர்டு ஓரமாகவும் கால்வைக்கும் இடத்திலும் செய்தித்தாள் விரித்தேன். குழாயை அழுத்தமில்லாமல் வைத்து, கீழிருந்து மேலாகப் பத்துப் பத்து நிமிடம். கீழ்விளிம்பு, காய்ந்த தாள். பக்கங்கள், காய்ந்த தாள். மேல்விளிம்பு, காய்ந்த தாள்.

தண்ணீரை நிறுத்தப் போகும்போது, “மாமா, கீழ நனையுது” என்றான்.

கால்வைக்கும் இடத்துத் தாளில் ஒரு ரூபாய் அளவு ஈரம். டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். துளி வந்தது வைப்பர் தண்டு வழியாக. அது உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். எங்கள் காரில் அது வெடித்து, கையில் எடுத்ததும் தூளாகிவிட்டது. இத்தனை நாள் கால்மிதியை நனைத்தது பெரும்பாலும் இந்த வளையம். கண்ணாடி தன் பங்குக்குத் தகட்டைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு வளையங்களையும் மாற்றியாயிற்று. மறுபடி தண்ணீர் விட்டதில் தாள் காய்ந்தே இருந்தது. வைப்பர் கைகளை எந்தக் கோணத்தில் மாட்டுவது என்று இப்போது குழம்பிக்கொண்டிருக்கிறேன். முதலில் மாட்டியபோது ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இரண்டும் கண்ணாடிக்கு நடுவே சல்யூட் அடித்து நின்றன.