கலிலேயக் கரையில் இளைப்பாறுதல்: தொழில் நடத்துகிறவர்களுக்கான திருப்பயணம்

இயேசுவின் காலத்தில், கலிலேயக் கடல் என்று அழைக்கப்படும் ஏரியைச் சுற்றியிருந்தவர்கள் தொழில் செய்து பிழைத்தவர்கள். யாக்கோபும் யோவானும் இயேசுவின் பின்னே போனபோது, தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போனதாக மாற்கு 1:20 சொல்கிறது. லூக்கா 5:10 அவர்களைச் சீமோனுக்குக் கூட்டாளிகள் என்கிறது. படகு, வலை, கூலியாட்கள், பங்காளிகள், இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாத நாள் என்று நமக்குத் தெரிந்த எல்லாமே அங்கே இருந்தன. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்" என்ற இயேசுவின் அழைப்பும், அவர் இந்தக் கரையோர ஊர்களைக் கடிந்துகொண்ட அதே மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. கடை, பட்டறை, நிறுவனம் நடத்துகிற விசுவாசி ஓய்வைக் கற்றுக்கொள்ளப் போக இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆனால் வழக்கமான புனித பூமிச் சுற்றுலாவில் போனால் அந்த ஓய்வு கிடைக்காது. படகுச் சவாரி, அப்பம் பெருகிய இடமென்று காட்டப்படும் தப்கா, மலைப்பிரசங்க மலை, கப்பர்நகூம், யோர்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். கலிலேயாவுக்கு மூன்று இரவுகளாவது வேண்டும். அதில் ஒன்று வெள்ளி இரவாக இருக்கட்டும். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால், ஏரிக்கரை நகரமான திபேரியாவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஊர்ப் பேருந்துகள் ஓடாது. தண்ணீர், மருந்து, கைச்செலவுப் பணம் எல்லாவற்றையும் வெள்ளி மதியத்துக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். இதைத் தெரியாமல் வருகிற குழுக்கள் சனிக்கிழமை முழுக்க அலைந்து எரிச்சலடைகின்றன. தெரிந்து வருகிறவர்களோ, ஒரு ஊரே வியாபாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். கிறிஸ்தவத் திருத்தலங்கள் பெரும்பாலும் சனியன்றும் திறந்திருக்கும். நடந்து போகிற தூரத்தில் தங்கினால் வண்டியும் தேவையில்லை. தப்காவில் ஏரிக்கரையிலேயே யாத்ரீகர் விடுதி உண்டு, மலைமேல் கன்னியர் நடத்தும் விடுதியும் உண்டு. இரண்டுக்கும் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன், பாதுகாப்பு நிலவரம் பற்றிய அரசின் பயண அறிவுரையையும், ரத்தானால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏரி கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருப்பதால் கோடையில் வெயில் தாங்காது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை மலைச்சரிவு பச்சையாக இருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை எல்லாத் திருத்தலங்களுக்கும் அவசியம்.

தப்காவில் நிதானமாக நில்லுங்கள். அப்பம் பெருகிய ஆலயத்தில் பலிபீடத்தின் முன்னே, கூடையில் நான்கு அப்பங்களும் இருபுறமும் இரண்டு மீன்களும் உள்ள 5-ஆம் நூற்றாண்டுத் தரைச்சித்திரம் இருக்கிறது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து மாற்கு 6:30 முதல் 46 வரை முழுவதும் வாசிக்க வேண்டும். சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனித்த இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறலாம் என்று ஆண்டவர் கூப்பிடுகிறார். படகு கரை சேர்வதற்குள் ஜனங்கள் அங்கே ஓடி வந்துவிடுகிறார்கள். ஓய்வு கலைந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, மனதுருகி அவர்களுக்குப் போதிக்கிறார், போஷிக்கிறார். ஆனால் அதோடு விட்டுவிடவும் இல்லை. சாயங்காலம் சீஷர்களைப் படகில் அனுப்பி, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலைக்குப் போகிறார். வாடிக்கையாளர் அழைப்பு வந்து ஓய்வுநாள் கெட்டுவிட்டால், அந்த வாரம் அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிற நம் பழக்கத்துக்கு இந்த 46-ஆம் வசனம் நேரடியான திருத்தம். அங்கிருந்து மலைப்பிரசங்க ஆலயத்துக்கு ஏறும் பாதையில் அந்த வசனத்தையே ஜெபமாக்கிக்கொண்டு நடக்கலாம். தப்காவிலிருந்து கப்பர்நகூமுக்குக் கரையோரமாகச் சுமார் 3 கிலோமீட்டர். பேதுருவின் வீடென்று காட்டப்படும் இடத்தை அங்கே பார்க்கலாம்.

படகுச் சவாரியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் காற்று எழும்பும். படகுகளில் வழக்கமான பாட்டும் நாட்டுக் கொடியேற்றமும் வேண்டாம், நடு ஏரியில் என்ஜினை நிறுத்திக் கால் மணி நேரம் மௌனம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் செய்து தருவார்கள். புயலில் ஆண்டவர் பின்னணியத்தில் தூங்கிய பகுதியை அங்கே வாசிக்கலாம். கரையேறியதும், கரையோர ஊரான கினோசாரில், 1986-ல் சேற்றில் கண்டெடுத்த பழைய படகைப் பாருங்கள். நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.3 மீட்டர். பல வகை மரத்துண்டுகளை வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். கையில் பணமில்லாமல் தொழிலை இழுத்துப் பிடித்த யாரோ ஒருவருடைய முதலீடு அது.

இத்தனையையும் கெடுப்பது கைப்பேசி. இதற்கான வேலை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நடக்க வேண்டும். பல முதலாளிகளைத் தேடி அழைப்பு வருவதற்கு ஒரு காரணம், வங்கியின் ஓடிபி அவர்கள் எண்ணுக்கு மட்டும் வருவதுதான். ஒரு மாதம் முன்பே வங்கியில் பேசி, வரம்பு வைத்து இன்னொருவருக்குப் பணம் செலுத்தும் அதிகாரம் கொடுங்கள். சம்பள நாளும் வரி கட்டும் கடைசி நாளும் பயணத்துக்குள் விழாதபடி தேதி பாருங்கள். எந்தத் தொகைவரை கேட்காமலே முடிவெடுக்கலாம், எதற்கு மட்டும் அழைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விபத்து, தீ, மரணம், சட்ட அறிவிப்பு தவிர வேறெதுவும் அந்தப் பட்டியலில் வேண்டாம். அந்த அழைப்பும் குழுத் தலைவருடைய எண்ணுக்கே வரட்டும். பிறகு, புறப்படுவதற்கு முன் வருகிற ஒரு வேலைநாளில் கைப்பேசியை அணைத்துப் பாருங்கள். அன்று எது தடைபடுகிறதோ, அதை மறுநாளே சரிசெய்யலாம். தனி ஆளாகக் கடை நடத்துகிறவர்கள் மூடிவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு வாரம் முன்பே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி, அவசர வேலைகளை முந்திய வாரத்தில் முடித்துக் கொடுத்தாலும் கொஞ்சம் நஷ்டம் வரும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற உணவு, ஓய்வுநாளுக்கும் சேர்த்து ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்ததை, அந்த நஷ்டக் கணக்கைப் பார்த்துக்கொண்டே யாத்திராகமம் 16-ல் வாசியுங்கள்.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யாத்திராகமம் 20:10-ம் உபாகமம் 5:14-ம் ஓய்வுநாளை வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மிருகஜீவனுக்கும் சேர்த்தே கட்டளையிடுகின்றன. "உன்னைப்போல" அவர்களும் இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம். முதலாளி ஏரிக்கரையில் ஜெபித்துக்கொண்டிருக்க, மேலாளர் விடுப்பே இல்லாமல் இரட்டை வேலை பார்த்தால் கட்டளையில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது. ஆகவே, நீங்கள் ஊர் திரும்பியதும் யாருக்கு எந்தெந்த நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை என்பதைப் பயணச்சீட்டு எடுக்கிற அன்றே எழுதி, வருகைப் பதிவேட்டில் குறித்துவிடுங்கள்.