கொலம்பஸில் லைசென்ஸ் வாங்கிய கதை

கொலம்பஸ் என்றதும் 'ஒஹையோவா?' என்பார்கள். அது பெரிய ஊர். நாங்கள் குடியேறியது இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸில். மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம், சுற்றிலும் சோளக்காடு, சுமார் 50 ஆயிரம் பேர். கம்மின்ஸ் டீசல் எஞ்சின் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால் புனேக்காரர்களும் நம்மவர்களும் கணிசமாக உண்டு. நாங்களும் 2018இல் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தோம்.

என் விசாவில் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. கணவர் நண்பரோடு அலுவலகம் போய்விடுவார். கார் வாசலில் நிற்கும், நான் ஜன்னலில் நிற்பேன். நகரப் பேருந்துக்கும் 'கொலம்பஸ்' என்றே பெயர். ஊர்ப்பெயரின் வாலிலேயே பஸ் இருப்பதைக் கண்டுபிடித்து வைத்தவருக்கு ஒரு சபாஷ். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஸ் ஓடாது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு லைசென்ஸ் எடுத்தே தீர்வது என்று கிளம்பினேன்.

கோவையில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ் கையில் இருந்தது. இங்கே அதைக் காட்டினாலும் கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு மூன்றும் உண்டு. அவற்றுக்கும் முன்னால் காகிதப் பரீட்சை. பாஸ்போர்ட், விசா தாள்களோடு, இந்த மாநிலத்தில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு முகவரியோடு இரண்டு அத்தாட்சிகள் வேண்டும். வீட்டில் வந்த தபால் அத்தனையும் கணவர் பெயரில். என் பெயரில் ஏதாவது உண்டா என்று தேடினால் நூலக அட்டை ஒன்றுதான் அகப்பட்டது. அது செல்லாது. வங்கிக் கணக்கில் என்னைச் சேர்த்து, மின்கட்டண ரசீதிலும் பெயரைப் போடச் சொல்லி, அவை தபாலில் வரும்வரை காத்திருந்ததில் ஐந்து வாரம் போயிற்று. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வந்த வாரமே ஏதாவது இரண்டு பில்லில் மனைவி பெயரையும் போட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். உச்சரிப்பு உருக்குலைந்திருந்ததால் நான் அசையவில்லை. மூன்றாம் முறைதான் அது என் அப்பாவின் பெயர் என்று உறைத்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் அமெரிக்காவில் நான் அப்பா பெயரில்தான் நடமாடுகிறேன். ஊரில் அவரை அவ்வளவு சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் கிடையாது.

எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள். சாலைக் குறியீடுகள் 16, அதில் 14 சரியாக இருக்க வேண்டும். மீதி 34இல் 28. கையேட்டை இரண்டு முறை படித்தால் போதும். தேறினேன். கற்றுக்கொள்வோர் அனுமதி கிடைத்தது. அதை வைத்து ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். கணவர் அல்லது 25 வயதைக் கடந்த வேறொருவர். கணவரோடு இரண்டு நாள் ஓட்டினேன். அந்த இரண்டு நாளைப் பற்றி மேலே எழுதுவதற்கில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர், எஞ்சின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தானாகவே முன்வந்தார். முதல் பாடம் நார்த் கிறிஸ்டியன் தேவாலயத்தின் காலி வண்டி நிறுத்துமிடத்தில். கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்தது, 1964இல் கட்டி முடித்தது. அறுகோணக் கூடாரத்தின் உச்சியில் 192 அடிக்கு ஊசி நட்டு வைத்தாற்போல் இருக்கும். (2022இல் அந்தச் சபை கலைந்துவிட்டது, கட்டடம் இப்போது நூலகத்தின் வசம்.) இந்தச் சின்ன ஊரில் இப்படிப்பட்ட கட்டடங்கள் தடுக்கி விழுந்தால் கண்ணில் படும். கம்மின்ஸை நடத்திய இர்வின் மில்லர், நல்ல கட்டடக் கலைஞரை அமர்த்தினால் அவருக்கான கட்டணத்தை நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் என்று 1950களில் அறிவித்தார். பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் அப்படி எழுந்தவை. பெரியவர் தெருப்பெயரே சொல்ல மாட்டார். 'வளைவு தெரிந்ததும் இடது பக்கம்' என்பார். கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்த நூலகத்தின் முன்னால் நிற்கும், சிற்பி ஹென்றி மூரின் வெண்கல வளைவு அது, 20 அடி உயரம். அதனடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். நானோ அந்தத் திருப்பத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து, வெயில் கொளுத்தும்போது வைப்பரைப் போட்டுவிடுவேன். நம்மூர்க் கார்களில் பெரும்பாலும் இண்டிகேட்டர் தண்டு வலப்பக்கம், இங்கே இடப்பக்கம்.

முதல் ஓட்டும் தேர்வில் தோற்றேன். ஸ்டாப் பலகையருகே வேகத்தைக் குறைத்தேன், இரு பக்கமும் பார்த்தேன், ஈ காக்கை இல்லை, போனேன். சக்கரம் முழுதாக நிற்கவில்லை என்று தேர்வாளர் எழுதிவிட்டார். நியாயம்தான். மறு தேர்வுக்குப் 14 நாள் பொறுக்க வேண்டும்.

அந்த 14 நாளும் பெரியவர் என்னை நான்கு முனையிலும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்புகளுக்கே கூட்டிப்போனார். சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்து வண்டிக்கு வழி. கையேட்டில் உள்ளது இவ்வளவுதான். கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரலை மட்டும் தூக்கி 'நீங்கள் போங்கள்' என்று காட்டுவார்கள். எதிராளியும் 'இல்லை, நீங்கள்' என்று தூக்குவார். கல்யாணப் பந்தியில் முதலில் யார் உட்காருவது என்ற உபசாரம் போல அது நடக்கும். காந்திபுரத்தில் ஓட்டிப் பழகிய எனக்கு அது அழகாக இருந்ததைவிட எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டாவது தேர்வில் அதுவே வந்து மாட்டியது. வலப்பக்கம் ஒரு பழைய பிக்கப் வண்டி, எனக்கு முன்பே வந்து நின்றிருந்தது. வழி அதை ஓட்டியவருடையது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். அவர் விரல்களைத் தூக்கினார். போனால் விதியை மீறியதாகுமா? போகாவிட்டால் தயங்குகிறாள் என்று மதிப்பெண் குறையுமா? பேசாமல் நின்றேன். அவர் மறுபடியும் தூக்கினார், இம்முறை சிரித்துக்கொண்டு. தேர்வாளர் தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "போங்கள் அம்மா. நீங்கள் போகும்வரை அவர் நகர மாட்டார், எனக்கு மதியச் சாப்பாடு இருக்கிறது."

போனேன். தேறினேன். அன்று மாலை வாஷிங்டன் தெருவில், 1900இல் தொடங்கிய ஜகாராகோஸ் ஐஸ்கிரீம் கடைக்கு எல்லோரையும் நானே ஓட்டிக் கூட்டிப்போனேன். பெரியவர் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வழிநெடுக வாயே திறக்கவில்லை.

அட்டை தபாலில் வந்தது. முதல் வரியில் அப்பா பெயர், கீழே என் பெயர். என் விசா முடியும் தேதிதான் லைசென்ஸ் முடியும் தேதியும், பதினொரு மாதம் தள்ளி. மின்கட்டண ரசீதும் வங்கித் தாளும் வைத்த கோப்பைப் பரண் மேல் போடாமல் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்திருக்கிறேன்.