ஆடி மழை, ரங்கூன்

ஆகஸ்ட் 3, 2025

பல் தேய்க்கும்போதே வயிறு பிசைய ஆரம்பித்துவிட்டது. போய் வந்தால் வலி அடங்குகிறது. அரை மணியில் மறுபடி.

ஆகஸ்ட் 4

தம்பியைக் கட்டாய ராணுவத்துக்குக் கூப்பிடும் கடிதம் வரவில்லை.

ஆகஸ்ட் 6

மலம், ரத்தம் இரண்டு பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்புகிறதா என்று சயாமா, எங்கள் லேடி டாக்டர், கேட்டார். எதுவுமில்லை. ஐ.பி.எஸ். (IBS) என்றார், குடலில் புண்ணோ கிருமியோ தெரியாமலே வலியும் பேதியும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு. அப்புறம் போன மழைக்காலத்துப் பேதியைத் துருவினார். எத்தனை நாள் போச்சு, காய்ச்சல் இருந்ததா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயா? எல்லாம் உண்டு. "அப்போ மனசுல பெரிய கவலை ஏதாவது?" அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 7

அதே குடத்துத் தண்ணீரைத்தான் தம்பியும் குடித்தான். அவனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்கு ஏன் இன்னும்?

கரண்ட் இருந்த நேரத்தில் தேடிப் படித்தேன். குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படித் தங்கிவிடுகிறதாம். கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சின்ன ஊர். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணம் ஊர்க் கிணற்றில் கலந்து 2,300 பேர் வரை படுத்துவிட்டார்கள், 7 பேர் செத்தே போனார்கள். பிழைத்தவர்களை 8 வருஷம் விடாமல் கவனித்திருக்கிறார்கள். பெண்கள், வயதில் சிறியவர்கள், பேதி நாள்கணக்கில் நீண்டவர்கள், முன்பே மனக்கலக்கம் இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் வயிறு அதிகம் கெட்டிருக்கிறது.

நான்கும் நான். ஆனால் கலக்கம் யாரைப் பற்றியதோ அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். அப்படியே இருக்கட்டும், முனீஸ்வரா.

ஆகஸ்ட் 9

அத்தை ஆசையாக மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கி வந்தாள். வெங்காயம், பூண்டு, கடலை மாவு. சயாமா கொஞ்ச நாளைக்குத் தள்ளிவைக்கச் சொன்னதெல்லாம் ஒரே கிண்ணத்தில். வாசனைக்கே அழுகை வந்தது.

ஆகஸ்ட் 10

பாட்டிக்கும் இதே வயிறுதான் என்கிறாள் அத்தை. கல்யாண வீட்டில்கூட சாப்பிடாமல் திரும்புவாளாம். குடும்பத்திலும் வரும் என்று படித்ததைச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம்.

ஆகஸ்ட் 12

வலி இல்லை! ரசம் சோறு, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14

வார்டு ஆபீஸ் ஆட்கள் தெருவுக்குள் வந்தார்கள். பட்டியலைப் பார்த்துக்கொண்டே எதிர்வீடு வரைக்கும் வந்து திரும்பினார்கள். கக்கூஸை விட்டு நான் வெளியே வரவில்லை. "அக்கா, போயிட்டாங்க" என்று தம்பி கதவைத் தட்டினான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. சயாமாவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 15

சயாமா திங்கள்கிழமைதான் வருவாராம்.